இது யாருடைய றோட்டு?

மாரி தொடங்கி இரண்டு கிழமை போனால் போதும். வட இலங்கையின் வன்னியில் ஏதாவதொரு வீதியில் தேங்கி நிற்கும் வெள்ளத்துக்குள் யாராவது ஒரு வாழைக்குட்டியை நட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுப்பார்கள். படத்துக்குக் கீழே "பிரதேச சபை நித்திரையா?" என்று ஒரு வரி இருக்கும். குழி உண்மை, கோபமும் நியாயம். ஆனால் பாதி நேரம் அந்த வீதி பிரதேச சபையுடையதாகவே இருக்காது.

மறுபக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. வட்டார உறுப்பினர் வந்து "சபையில் தீர்மானம் நிறைவேற்றியாச்சு" என்பார். ஊர் அதை "றோட்டு வந்தாச்சு" என்று கேட்டுக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து அந்த மனுசன் சந்தைக்கு வர வெட்கப்படுவார்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சில வருடம் செயலாளராக இருந்தபோது நானும் இதில் மாட்டுப்பட்டேன். வீதிக்குக் குறுக்கே இருந்த ஒரு மதகு இடிந்ததைப் பற்றிக் கடிதம் எழுதி, அதைத் தவறான கந்தோருக்குக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் காத்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில் படித்த பாடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வாய்க்காலைப் பார்ப்போம்

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் பிரதான வாய்க்காலில் இறங்கும். அதிலிருந்து கிளை வாய்க்காலுக்குப் போய், கடைசியில் வயல் வாய்க்காலால் உங்கள் வரம்புக்கு வரும். ஓடுவது ஒரே தண்ணீர்தான். ஆனால் பிரதான வாய்க்காலின் கட்டு உடைந்தால் நீர்ப்பாசனத் திணைக்களம் வரவேண்டும். வயல் வாய்க்காலில் புல் மண்டினால் கமக்காரர் அமைப்புத்தான் இறங்கித் துப்புரவாக்க வேண்டும். புல் மண்டியதற்குப் பொறியியலாளரைத் திட்டுவதில் பிரயோசனமில்லை.

வீதியும் அப்படித்தான். ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டிலிருந்து பட்டணத்துக்குப் போவதற்குள் மூன்று உரித்தாளர்களின் வீதிகளைக் கடந்துவிடுவீர்கள்.

'ஏ', 'பி' என்று தொடங்கும் இலக்கம் உள்ளவை தேசிய வீதிகள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35, நாவற்குழியிலிருந்து பூநகரி வழியாக மன்னார் போகும் ஏ32 எல்லாம் இந்த வகை. இவற்றுக்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபை. இது மத்திய அரசின் நிறுவனம். 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது.

'சி', 'டி' வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. இவற்றை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கும். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அதிகார சபையையும் திணைக்களத்தையும் ஆட்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நான் கடிதத்தை மாற்றிக் கொடுத்ததும் இந்த இரண்டு கந்தோர்களுக்கு இடையில்தான்.

மிச்சமுள்ள குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபைக்கு, அல்லது நகர சபைக்கு, மாநகர சபைக்கு உரியவை. அவற்றிலும் எல்லாம் இல்லை. வாய்க்கால் கரையோர வீதி நீர்ப்பாசனத் திணைக்களத்துடையதாக இருக்கலாம். காட்டு எல்லைக்குள் போகும் பாதையில் கிறவல் (சரளை மண்) கொட்ட வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சில ஒழுங்கைகள் யாரோ ஒருவரின் உறுதிக் காணிக்குள்ளேயே கிடக்கும். புகையிரதக் கடவை என்றால் புகையிரதத் திணைக்களம். கிளிநொச்சியில் தண்டவாளம் ஏ9க்குப் பக்கத்திலேயே ஓடுவதால், பிரதான வீதியிலிருந்து கிளை வீதிக்குத் திரும்பி ஐம்பது அடி போவதற்குள்ளேயே பொறுப்பான கந்தோர் இரண்டு தரம் மாறிவிடும்.

ஆகவே குழியைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் இன்னும் திருத்தவில்லை?" அல்ல. "இது யாருடைய றோட்டு?" என்பதுதான்.

சபை என்றால் யார்?

வன்னியில் வவுனியாவுக்கு மாநகர சபை இருக்கிறது. முன்பு அது நகர சபை. மன்னாருக்கு நகர சபை. கிளிநொச்சி நகரம் பெயரளவில்தான் நகரம். அதை நிர்வகிப்பது கரைச்சிப் பிரதேச சபை. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வருகிறது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. இங்கே பெரும்பாலும் பிரதேச சபையை வைத்தே பேசுகிறேன். மற்ற இரண்டிலும் பதவிப் பெயர்கள் மாறும், ஓட்டம் ஏறக்குறைய அதேதான்.

'சபை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் உறுப்பினர்களும் அவர்களுக்குத் தலைமை தாங்கும் தவிசாளரும். மற்றது செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், உப அலுவலகப் பொறுப்பாளர், தொழிலாளர்கள் என்று ஒரு கந்தோர். முதலாவது முடிவெடுக்கும், இரண்டாவது செய்யும். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் உறுப்பினரே இல்லை. ஆனாலும் குப்பை அள்ளினார்கள், விளக்குப் போட்டார்கள், வரி வாங்கினார்கள். அப்போது இயங்கியது அந்த இரண்டாவது சபை.

சிறுபோகக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று கூட்டம் தீர்மானிக்கும். ஆனால் கூட்டத்தில் கை உயர்த்தியவர்கள் போய் மதகைத் திறப்பதில்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறார், அவரிடம்தான் திறப்பு இருக்கும்.

சபைக்குள் குழுக்களும் உண்டு. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று நான்கு. வீதி விசயம் தொழில்நுட்ப சேவைகள் குழுவுக்குள் வரும். இந்தக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டுப் போனவர்களை நான் கண்டதில்லை. குழு பரிந்துரை செய்யும், முடிவை முழுச் சபை எடுக்கும்.

ஒரு கோரிக்கை நடக்கும் தூரம்

உங்கள் ஒழுங்கை சபை வீதிதான் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் கொடுக்கிறீர்கள். அல்லது வட்டார உறுப்பினர் மாதாந்த அமர்வில் பிரேரணை கொண்டுவருகிறார். பிரேரணை என்பது "இதைச் செய்வோம்" என்று ஓர் உறுப்பினர் முன்வைக்கும் யோசனை. இன்னொருவர் அதை வழிமொழிந்து, சபை ஏற்றுக்கொண்டால் அது தீர்மானம் ஆகும்.

இங்கேதான் பலர் கைதட்டிவிட்டு எழும்பிப் போகிறார்கள். வேலையோ இன்னும் தொடங்கவேயில்லை.

அடுத்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். மதிப்பீடு என்றால் எவ்வளவு பொருள், எவ்வளவு கூலி, மொத்தம் எவ்வளவு காசு என்ற கணக்கு. ஒருமுறை அப்படி வந்தவரோடு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். ஒழுங்கையின் நீளம் 300 மீற்றர், அகலம் 3 மீற்றர். அரை அடி, அதாவது 15 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கிறவல் வேண்டும். பெருக்கினால் 135 கன மீற்றர், கிட்டத்தட்ட 48 கியூப் (ஒரு கியூப் என்றால் நூறு கன அடி). றோலர் ஓடினால் கிறவல் இறுகும், அதனால் இன்னும் ஒரு பத்துக் கியூப் சேர்க்க வேண்டும். ஒரு டிப்பரில் மூன்று கியூப் ஏற்றினால் ஏறத்தாழ இருபது லோட். ஒழுங்கை ஒன்றைக் கிறவல் வீதியாக்கவே இருபது டிப்பர்! அந்தக் கணக்கை அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு நிற்க, படலைக்குள்ளிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தார்.

"தம்பி, போன வருசமும் வந்து அளந்தவை. அளக்கிறதுக்குத்தானோ இந்த றோட்டு?"

உத்தியோகத்தர் கோபப்படவில்லை. "அக்கா, போன வருசத்து டீசல் விலைக்கு இந்த வருசம் கிறவல் ஏத்தேலாது. கணக்குப் பழசானால் திரும்ப அளக்கத்தானே வேணும்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் பிழையில்லை. காசு வராமல் கிடக்கும் ஒவ்வொரு வருடமும் மதிப்பீடு பழசாகிறது. வீட்டுக்காரருக்குத் தெரிவதோ நாடா மட்டும்தான்.

மதிப்பீட்டுக்குப் பிறகு காசு ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் விலைமனுக் கோரல், அதாவது யார் எந்த விலைக்குச் செய்வார்கள் என்று கேட்பது. சிறிய வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ நேரடி ஒப்பந்தமாகக் கொடுப்பதும் உண்டு. வேலை முடிந்தபின் அதே உத்தியோகத்தர் திரும்ப வந்து அளந்து சரி என்றால்தான் பணம். அப்போதும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள், பழுது வந்தால் ஒப்பந்தகாரர் வந்து திருத்த வேண்டுமே என்பதற்காக.

சுருக்கிச் சொன்னால்: கோரிக்கை, தீர்மானம், மதிப்பீடு, ஒதுக்கீடு, ஒப்பந்தம், வேலை, மறுபடி அளவு. தீர்மானம் இதில் இரண்டாவது படி.

காசு எங்கிருந்து வருகிறது?

சபைக்குச் சொந்த வருமானம் உண்டு. ஆதன வரி, கடைகளின் வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவை. காணி கைமாறும்போது வரும் முத்திரை வரியிலும் நீதிமன்றத் தண்டப் பணத்திலும் ஒரு பங்கு மாகாணம் ஊடாக வரும். ஆதன வரி எல்லா இடத்திலும் அறவிடப்படுவதில்லை. வீடும் கடையும் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில்தான். வன்னியில் ஊர்கள் வயலும் காடுமாக விரிந்து கிடப்பதால் வரி வரும் இடம் குறைவு, வீதியின் நீளம் அதிகம். யாழ்ப்பாணத்தில் ஒரு கிலோமீற்றர் ஒழுங்கைக்கு எத்தனை வீடு, எங்கள் பக்கத்தில் எத்தனை வீடு என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் பெரிய வேலைகள் மாகாண நிதியிலோ மத்திய அரசின் திட்டங்களிலோ, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலோதான் நடக்கின்றன. அந்தக் காசு வரும் நேரம் சபையின் கையில் இல்லை. வருடத் தொடக்கத்தில் ஒதுக்கி, நடுவில் அனுமதி வந்து, ஒப்பந்தம் முடியும்போது ஐப்பசி ஆகிவிடும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் மழைக்குள் கிறவல் கொட்டுவார்கள். இரண்டு வெள்ளத்தில் அது வயலுக்குள் போய்விடும். "கொள்ளை அடிச்சிட்டாங்கள்" என்று ஊர் சொல்லும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கொள்ளை இல்லாத இடத்திலும் நாட்காட்டி ஒன்றே போதும், கிறவலைக் கரைப்பதற்கு.

இன்னொரு சிக்கல், வர்த்தமானி. அரசு தன் முடிவுகளை அதிகாரபூர்வமாகப் பிரசுரிக்கும் ஏடு அது. சபையின் வீதி என்று அதில் வந்த பாதைக்குத்தான் சபைக் காசைத் தயங்காமல் செலவழிக்கலாம். போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பின் உருவான ஒழுங்கைகள் பல, ஊரவர் வாயில் பெயர் வாங்கிவிட்டனவே தவிர, பட்டியலில் ஏறவில்லை. உங்கள் ஒழுங்கை அப்படியானதென்றால் முதலில் கேட்க வேண்டியது கிறவல் அல்ல, பட்டியலில் ஓர் இடம்.

போக்குவரத்தில் சபையின் கை எவ்வளவு தூரம் நீளும்?

நகரின் பிரதான வீதி நகர சபையுடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வவுனியா நகரின் நடுவாலும் கிளிநொச்சி நகரின் நடுவாலும் போவது ஏ9. அதில் பாதசாரிக் கடவை வரைவதும் குறியீட்டுப் பலகை நடுவதும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வேலை. வேகமாகப் போகிறவரைப் பிடிப்பது போக்குவரத்துப் பொலிசாரின் வேலை. தலைக்கவசம் போடாதவரைத் தவிசாளரால் மறிக்க முடியாது. பாடசாலைக்கு முன்னால் கடவை கேட்டுச் சபை தீர்மானம் எடுத்தால், அது அடுத்த நாள் ஒரு கடிதமாக மாறி அதிகார சபைக்குப் போகும். அவ்வளவுதான்.

பஸ் நேர அட்டவணையும் சபையிடம் இல்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை, அரச பஸ்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை.

சபையின் கையில் இருப்பவை சின்னதாகத் தெரியும், ஆனால் அன்றாடம் உறைப்பவை. ஓட்டோக்கள் எங்கே தரிக்கலாம், நடைபாதையில் கடை போடலாமா, வடிகால் துப்புரவு, பாதைக்கு மேல் சாய்ந்த மரக்கொப்பு, தன் வீதிகளில் வேகத்தடை, பெயர்ப்பலகை. வீதி விளக்கும் சபைதான், ஆனால் கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையவை. குமிழ் மாற்ற உப அலுவலகத்துக்குச் சொல்லலாம். கம்பமே இல்லாத இடத்தில் சபையால் தனியாக விளக்குப் போட முடியாது.

இவற்றுக்கான விதிகளைச் சபை 'உபவிதி' என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் குட்டிச் சட்டம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாக்காலி மாடுகள்

வன்னி வீதியைப் பற்றி எழுதிவிட்டு மாட்டை விட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, தொடங்கினால் வயலெல்லாம் பயிர். மாட்டை அங்கே விட முடியாது, விட்டால் சண்டை. காட்டோரம் மேய்க்கலாம் என்றால் அங்கும் எல்லைக் கல். பொழுதுபட்டதும் மாடுகள் வீதிக்கு ஏறும். மழைக்குச் சுற்றியுள்ள நிலமெல்லாம் சதசதவென்று கிடக்க, தார் வீதிதான் காய்ந்தும் கொஞ்சம் சூடாகவும் இருக்கும். ஏ35இலோ ஏ9இலோ இரவு வருகிறவர்களுக்குத் தெரியும்: எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, அது விலகிய அடுத்த நொடி முன்னால் கறுப்பாக ஒன்று படுத்திருக்கும். எருமை என்றால் கண் மட்டும்தான் மினுங்கும்.

வீதி மத்திய அரசுடையது என்றாலும் மாட்டைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு சபைக்கு வருகிறது. சபை பிடித்து அடைக்கும், உரிமையாளர் தண்டமும் பராமரிப்புச் செலவும் கட்டி மீட்க வேண்டும். மீட்காவிட்டால் ஏலம். கேட்க எளிது. நாற்பது மாட்டை இரவில் பிடிக்க ஆள் வேண்டும், ஏற்ற வாகனம் வேண்டும், அடைக்கப் பட்டி வேண்டும், தீனி வேண்டும். காதில் இலக்கத்தகடு இல்லாத மாட்டுக்கு உரிமையாளரைத் தேட வேண்டும். பிடித்த அன்றே உறுப்பினருக்குத் தொலைபேசி வரும்: "அண்ணை, அது எங்கட மாமான்ர மாடு."

இதன் வேர் வீதியில் இல்லை, மேய்ச்சல் தரையில் இருக்கிறது. மேய்ச்சல் தரைக்கு நிலம் ஒதுக்குவது பிரதேச செயலகம், காணி, வனவளம் என்று வேறு கந்தோர்களின் விசயம். சபையால் மாட்டைக் கட்டலாம். மாடு போவதற்கு ஓர் இடத்தை அதனால் உருவாக்க முடியாது. தண்டத்தைக் கூட்டு, கூட்டு என்று கத்துவதைவிட மேய்ச்சல் தரை கேட்பதுதான் பயன் தரும் என்பது என் எண்ணம். மாடு வளர்க்காதவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

எல்லாரும் ஒரே மேசையில்

இத்தனை கந்தோர்களும் ஒன்றையொன்று சாட்டினால் என்ன செய்வது? அதற்குத்தான் ஒருங்கிணைப்புக் குழு. பிரதேச மட்டத்தில் ஒன்று, மாவட்ட மட்டத்தில் ஒன்று. மாவட்டக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர்கள், மாவட்டச் செயலாளர், தவிசாளர்கள், பொலிஸ் அதிகாரிகள், வீதி, நீர்ப்பாசன, வனவளத் திணைக்களங்களின் அதிகாரிகள் எல்லாரும் இருப்பார்கள். சபை எழுதிய கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் தராத பொறியியலாளர் அங்கே முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அரசியல்வாதிகள் சத்தம் போடுவதுதான் அடுத்த நாள் செய்தியாக வருகிறது. உண்மையில் வேலை நகர்வது "இன்ன திகதிக்குள் இன்னார் செய்ய வேண்டும்" என்று கூட்டக் குறிப்பில் ஏறும் அந்த ஒற்றை வரியால்தான்.

மாகாண சபை பற்றியும் ஒன்று. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத் திணைக்களங்கள் ஆளுநரின் கீழ் இயங்குகின்றன. 'சி', 'டி' வீதிக்காகப் போய்க் கேட்கத் தெரிவான மாகாண உறுப்பினர் யாரும் இல்லாததால், அந்தக் கோபமும் பிரதேச சபை உறுப்பினரின் தலையிலேயே விழுகிறது.

கடிதம் எழுதப் போகிறீர்களா?

உப அலுவலகத்தில் வீதிப் பட்டியலைக் கேளுங்கள். அதில் உங்கள் வீதி இருந்தால் தவிசாளருக்கு எழுதி, செயலாளருக்குப் பிரதி போடுங்கள். இல்லையென்றால் யாருடையது என்று அங்கேயே கேளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குப் பெரும்பாலும் தெரியும். "எமது வீதி மிக மோசமாக உள்ளது" என்று எழுதுவதைவிட, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீற்றர், வெள்ளம் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று எழுதுங்கள். வெள்ளம் ஓட வழியில்லாத வீதியில் எவ்வளவு கிறவல் கொட்டினாலும் நிற்காது. மாசியில் கொடுங்கள், கார்த்திகையில் கொடுத்தால் எல்லாரும் கொடுப்பார்கள்.

பதில் வராவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கந்தோரில் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். "இவ்வீதி யாருக்குரியது, மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, நிதி ஒதுக்கப்பட்டதா" என்று மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒன்று. கடிதத்தை எப்போதும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். எட்டு மாதம் கழித்து நான் போய்க் கேட்டபோது, "எங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வரேல்லையே தம்பி" என்றார்கள். என் கையில் முத்திரை இருக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து எழுதினேன், இந்த முறை சரியான கந்தோருக்கு.